கோட்டில் நில்லாத ஆறு நிமிடம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் போன் அடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் அது அடிப்பதில்லை. கனடாவில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு எடுப்பார். மற்ற நாட்களில் அடித்தால் யாரோ எதையோ விற்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியிருந்தும் குசினியில் அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய்த்தான் எடுத்தேன் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

பேசியவர் ஷிபானா என்ற பிள்ளை. ஓய்வு பெறும் வரை நான் பதினொரு வருடம் வேலை செய்த இதய ஆய்வு நிலையத்தில் இப்போது பதிவுகளுக்குப் பொறுப்பாக இருக்கிறார். பழைய கடதாசிப் படிவங்களையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றுகிறார்களாம். என் கையெழுத்துள்ள படிவம் ஒன்று மட்டும் ஏற மாட்டேன் என்று நிற்கிறதாம்.

“மிஸ், அது ஒரு நடைப் பரிசோதனைத் தாள். தூரத்தை வெட்டிப்போட்டுக் காரணமும் எழுதியிருக்கிறீங்கள். ஆனா இங்க ரெண்டு பெட்டிதான் இருக்கு. நோயாளியின் காரணம், ஊழியரின் காரணம். ஒண்டைத் தெரிவு செய்தாத்தான் ஏறும். நீங்கள் எழுதினபடி பாத்தா நோயாளி எண்டுதான் வருது. அப்பிடியே போடவா?”

தாளின் இலக்கத்தை அவர் சொல்வதற்கு முன்னமே அது எந்தத் தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் போட வேண்டாம், நானே நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்புவழிபுரத்திலிருந்து நிலையத்துக்கு ஓட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது. போய்ச் சேர எனக்கு எட்டு நாள் பிடித்தது.

நான் தாதியானது ஒரு பெரிய கதை இல்லை. மட்டக்களப்பில் பயிற்சி, பிறகு ஊர் ஊராக வார்ட்டுகள், இருபது வருடத்துக்கு மேல் நின்று நின்றே குதிக்கால் போய்விட்டது. கதிரையில் இருந்து செய்கிற வேலை என்று ஒருவர் சொன்னதை நம்பித்தான் ஆய்வு நிலையத்துக்கு விண்ணப்பித்தேன். அப்படிச் சொன்னவர் பிறகு என் கண்ணில் படவில்லை.

நிலையம் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பழைய பண்டகசாலையில் இருந்தது. நிலையத்தை நடத்திய டொக்டர் அந்தக் கட்டடத்தை எடுத்ததற்கு ஒரே காரணம் அதன் நீளமான விறாந்தை. எங்கள் பக்கத்தில் சின்ன வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, கவனிக்காமல் விட்டு, இருபது முப்பது வருடம் கழித்து இதய வால்வு பழுதாகிப் போனவர்கள் நிறையப் பேர். கொழும்பிலோ கண்டியிலோ வால்வை மாற்றி, ஒப்பரேஷன் வெற்றி என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த மனிசர் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளுகிறாரா, சந்தை வரை நடக்கிறாரா என்று எழுதி வைக்க ஆளில்லை. எங்கள் ஆய்வு அதற்காகத்தான். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று அவர்களைக் கூப்பிட்டு, கேள்விகள் கேட்டு, ஆறு நிமிடம் நடக்க வைப்போம்.

ஆறு நிமிட நடை என்றால் சும்மா நடக்கவிட்டுப் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் மஞ்சள் கோடு ஒன்று. அங்கிருந்து முப்பது மீற்றரில் ஒரு செம்மஞ்சள் கூம்பு. நோயாளி கோட்டிலிருந்து போய்க் கூம்பைச் சுற்றித் திரும்பி வர வேண்டும், ஆறு நிமிடம் முடியும் வரை. களைத்தால் நிற்கலாம், சுவரில் சாயலாம், ஆனால் மணிக்கூடு நிற்காது. தாதி கோட்டிலேயே நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு வசனம், எழுதித் தந்தபடி, ஒரே குரலில்: “நல்லாச் செய்யிறீங்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கு.” அதற்குமேல் ஒரு சொல் கூடாது. கை தட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட நடக்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நடந்தால் நோயாளி தன் கால் சொல்வதைக் கேட்காமல் மற்றவரின் காலுக்கு நடப்பார். பிறகு வருகிற தூரம் அவருடையது இல்லை.

இதையெல்லாம் எங்களுக்குப் பழக்கியவர் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரி, ஐந்தடிகூட இருக்க மாட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தினால் பரவாயில்லை என்று நினைத்த நாட்கள் உண்டு. முதல் நாள் எங்கள் மேசைகளைச் சுற்றி வந்து பென்சில், அழிறப்பர், வெள்ளை மைப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் சேகரித்து, இன்னாரிடமிருந்து இன்னது பெற்றுக்கொண்டேன் என்று ஆளுக்கொரு துண்டு எழுதித் தந்தார். என் துண்டில் ‘அழிறப்பர் ஒன்று, பாதி தேய்ந்தது’ என்றிருந்தது. பிழை விட்டால் அழிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பிழையின் மேல் ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும், கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, திகதி, காரணம். காரணம் இல்லாத கோட்டை அவர் கண்டால் தாளை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, நாங்கள் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் பேசாமல் நிற்பதைவிட நாலு ஏச்சு வாங்குவது சுகம்.

ஹாஜரா தோப்பூர்க்காரர். எங்களிடம் வந்தபோது நாற்பத்திரண்டு வயது. பன்புல்லில் பாய் இழைப்பவர். கணவர் கட்டாரில் சாரதி, அண்ணன் வீட்டில் மதினியின் பராமரிப்பில் இருந்தார். அவருக்கு வைத்தது உலோக வால்வு. அமைதியான அறையில் அது திறந்து மூடுகிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். மூன்றாம் மாதம் வந்தபோது, வால்வின் சத்தம் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று படிவத்தில் உள்ளபடி கேட்டேன்.

“எங்கட வீட்டு மணிக்கூடு நிண்டு போச்சு மிஸ்,” என்றார். “இப்ப எல்லாரும் என்னக் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்காங்க.”

பிறகு சிரிப்பை விட்டு, படுத்தால் அது காதுக்குள் அடிப்பதாகவும் தலையணையை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு படுப்பதாகவும் சொன்னார். ‘மிகவும்’ என்ற பெட்டியில் சரி போட்டேன். அன்று அவர் நடந்த தூரம் முன்னூற்றுத் தொண்ணூற்றொரு மீற்றர். இரத்தம் உறையாமலிருக்கிற குளிசையை ஒருநாளும் விடக் கூடாது, பச்சை இலை வகைகளைத் திடீரென்று கூட்டிச் சாப்பிட்டால் குளிசையின் வேலை குறைந்துவிடும், வால்வில் இரத்தம் கட்டிவிடும் என்று அவருக்கும் மதினிக்கும் விளங்கப்படுத்தியது நான்தான். இதை இங்கே எழுதுவது என்னைக் குறைத்துக் காட்டுவதற்காக இல்லை. எனக்குத் தெரியாது என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது.

ஆறாம் மாதம் அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முன் வெள்ளி போயா விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. அந்த ஞாயிறு அக்காவும் அழைப்பு எடுக்கவில்லை. பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாளாம், பிறகு சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாடு போய் வீட்டைப் பூட்டி இரண்டு வருடம். மூன்று நாளில் நான் வாய் திறந்தது ஒரு தடவை, வேலிப் பூமரத்தைத் தின்ன வந்த மாட்டை விரட்டுவதற்கு. திங்கள் காலை ஹாஜரா வாசலில் செருப்பைக் கழற்றியபோது, பரிசோதனைக்கு வந்த நோயாளி என்று எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது.

மணிக்கூட்டை அழுத்தி, கோட்டில் நின்றேன். முதல் தடவை கூம்பு வரை போய்த் திரும்பினார். கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தார். கோட்டுக்கு வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினார். நான் கோட்டைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நடக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

நடந்துகொண்டே ஊர்க் கதை கதைத்தோம். மதினி நாள் தவறாமல் முருங்கை இலை சுண்டித் தருகிறார் என்றார், ஒப்பரேஷன் செய்த உடம்புக்கு இரத்தம் ஊறவேண்டுமாம். தேங்காய்ப்பூ போடுவாரா, கூனி இறால் போடுவாரா என்று நான் கேட்டேன். இரண்டும் என்றார். எவ்வளவு நேரம் அடுப்பில் வைப்பது என்றுகூடக் கேட்டேன். ஒரு தாதி கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நாளாக என்பது. அது என் வாயில் வரவில்லை. நான் இயல்பாகவே வேகமாக நடப்பவள், அவர் என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தார். ஐந்தாவது நிமிடம் அவருக்கு மூச்சு வாங்கியது. சிரித்ததால் என்று நினைத்தேன்.

முடிந்ததும் கதிரையில் இருத்திக் கேள்விகளைத் தொடங்கினேன். சத்தம் தொந்தரவா என்ற இடம் வந்தது.

“இப்ப கேக்கிறல்ல மிஸ். பழகிப் போச்சுப் போல.”

எனக்குச் சந்தோஷம். ‘இல்லை’ என்ற பெட்டியில் சரி போட்டு, குறிப்பில் ‘நல்ல முன்னேற்றம்’ என்றும் எழுதினேன். தூரம் முன்னூற்றுத் தொண்ணூற்றாறு. முந்தியதைவிட முப்பது மீற்றர் குறைந்தால் அன்றைக்கே, ஆளை வீட்டுக்கு விடாமல், டொக்டரைக் கூப்பிட்டு இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. கூடியிருந்தபடியால் ஒருவரையும் கூப்பிடவில்லை. மாதாந்த இரத்தப் பரிசோதனை எங்களிடம் இல்லை, கிளினிக்கில். அறுவடை நேரம் என்று போன மாதம் அவர் அதற்குப் போகவில்லை, அடுத்த கிழமை போவதாகச் சொன்னார். என் மேசையிலிருந்து ஸ்கான் அறைக் கதவு பன்னிரண்டு அடி. வாசல் வரை போய்க் கை காட்டி அனுப்பிவிட்டு வந்தேன். அன்று முழுக்க எனக்கு மனம் நல்லாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மூச்சு எடுக்க ஏலாமல் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உலோக வால்வில் இரத்தம் கட்டி, பாதி மூடிக் கிடந்தது. சத்தம் கேட்காமல் போனது பழகியதால் இல்லை, வால்வு ஒழுங்காக மூடித் திறக்காததால். கண்டிக்குக் கொண்டுபோய்க் கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். அது கரையும்போது ஒரு துண்டு தலைக்குப் போய்விட்டது. உயிர் தப்பினார். இடது கையில் மூன்று விரல் மடங்காமல் போனது. பாய் இழைப்பதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதை நான் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

டொக்டர் ஹாஜராவின் கோப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வழக்கம்போலக் கதிரையில் இருக்காமல் நின்றார்.

“இந்தத் தூரம் எப்பிடி வந்தது?”

“நான் கூட நடந்தனான், மெடம்.”

“ஏன்?”

இன்றைக்கும் அந்த ‘ஏன்’ என் காதில் இருக்கிறது. வேலையை விட்டு நிற்பாட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மனிசிக்கு முன்னால் நின்று, எனக்குக் கதைக்க ஆள் இல்லை, அதனால் நடந்தேன் என்று சொல்ல எனக்கு ஏலாமல் போய்விட்டது. அதைச் சொல்ல இருந்த வெட்கம், ஒரு பெண்ணின் கை போனதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. “அவ பயந்தவ, மெடம். கூட வரச் சொல்லிக் கேட்டவ,” என்றேன்.

டொக்டர் தாளில் ஒன்றும் எழுத விடவில்லை. நோயாளியிடம் கேட்காமல் நோயாளியின் பேரில் காரணம் எழுத ஏலாது என்றார். இரண்டு மாதம் அந்தத் தாள் வெட்டப்படாமல் அவர் மேசை லாச்சியில் கிடந்தது. அந்த இரண்டு மாதமும் அவர் என்னோடு எப்போதும்போலவே நடந்துகொண்டார்.

ஹாஜரா மெலிந்து, இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். டொக்டர் அவரைக் கதிரையில் இருத்தி, கையைப் பார்த்து, நெஞ்சைக் கேட்டு, எல்லாம் முடித்தபின் தாளை எடுத்தார். நான் அலுமாரிப் பக்கம் நின்றேன். அன்றைக்கு நடக்கும்போது மிஸ்ஸைக் கூட வரச் சொல்லி நீங்கள் கேட்டீர்களா என்று கேட்டார். ஹாஜரா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நிமிர்ந்து ‘இல்லை’ என்று சொல்ல எனக்குப் போதுமான நேரம் இருந்தது.

“ஓம் மெடம்,” என்றார் ஹாஜரா. “நாந்தான் வரச் சொன்னன்.”

டொக்டர் தாளை என்னிடம் நீட்டினார். முன்னூற்றுத் தொண்ணூற்றாறின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் ‘செல்லாது’. கையெழுத்து, திகதி. ‘பங்கேற்பாளர் பயந்து கேட்டுக்கொண்டதால் ஊழியர் கூட நடந்தார்.’ நான் எழுதி முடிக்கும் வரை டொக்டர் பக்கத்தில் நின்றார், வாசித்தார், போய்விட்டார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு அன்றைய நடை. கோட்டுக்கு வந்ததும் ஹாஜரா வலது கையால் என் மணிக்கட்டை மெல்லப் பிடித்தார்.

“நீங்க கோட்டிலயே நில்லுங்க மிஸ். நான் தனிய போய் வாறன்.”

நின்றேன். நிமிடத்துக்கு ஒரு வசனம் சொன்னேன். முப்பது மீற்றர் எவ்வளவு தூரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது நிமிடம் துறைமுகப் பக்கத்து யன்னலில் சாய்ந்து நின்றார். நான் அசையவில்லை. மணிக்கூடு ஓடியது. திரும்பவும் நடந்தார். இருநூற்று எழுபத்திரண்டு மீற்றர், ஒவ்வொரு மீற்றரும் அவருடையது. கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தார். அந்த அமைதியில் வால்வின் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டொக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“அண்டைக்கு நீங்க கதைச்ச கதையில வெளங்கிச்சு மிஸ். எனக்கு மதினி இரிக்கா, புள்ளைகள் இரிக்கி. உங்களுக்கு ஆரும் இல்ல போல.”

நான் படிவத்தை எடுத்து அடுத்த கேள்வியைக் கேட்டேன். அவரும் பதில் சொன்னார். ஒரு வருட நடையும் முடிந்தபின் அவர் கோப்பு மூடப்பட்டது. மூடிய கோப்பில் உள்ளவரோடு ஊழியர் தொடர்பு வைக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை மட்டும் நான் ஒருநாளும் மீறவில்லை. மீறியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

எட்டாம் நாள் நிலையத்துக்குப் போனேன். விறாந்தையில் மஞ்சள் கோடு புதிதாகப் பூசியிருந்தார்கள். ஷிபானா கதிரை தந்து தாளை முன்னால் வைத்தார். ஹாஜராவின் போன் இலக்கம் மேல் மூலையில் இருந்தது, அதன் மேல் என் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். பேனா கேட்டேன். ‘பங்கேற்பாளர் பயந்து கேட்டுக்கொண்டதால்’ என்று தொடங்கும் வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தேன். கீழே இருப்பதை இன்னும் நன்றாக வாசிக்கலாம். பக்கத்தில் இடம் குறைவு, சின்ன எழுத்தில் எழுதினேன்.

‘பங்கேற்பாளர் கேட்கவில்லை. மூன்று நாளாக நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. அதனால் கூட நடந்தேன்.’

கையெழுத்தும் திகதியும் வைத்துக் கொடுத்தேன். ஷிபானா இரண்டு தடவை வாசித்தார். பிறகு ‘ஊழியரின் காரணம்’ என்ற பெட்டியை அழுத்தினார். தாள் ஏறிவிட்டது. அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“இது அவவுக்குத் தெரியுமா, மிஸ்?”

“ஓம் பிள்ளை,” என்றேன். “எனக்கு முதலே அவவுக்குத் தெரியும்.”